மட்டக்களப்பில் மானியத் திட்டம் அமைத்துத் தரும் ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

எமது குடும்ப அறக்கட்டளை பல ஆண்டுகளாக மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பாடசாலைப் பிள்ளைகளுக்கான உதவித்தொகையையும், வெள்ளக் காலங்களில் உலர் உணவுப் பொதிகளையும் வழங்கி வந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை அறங்காவலர்களாகிய நாங்களே, பெரும்பாலும் தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டுத் தீர்மானித்தோம். கிராமத்துச் சங்கங்கள் தாமாகவே விண்ணப்பித்துப் பெறக்கூடிய முறையான மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று வெளிநாட்டிலுள்ள உறவினர்களும் உள்ளூர் அறங்காவலர்களும் ஒருமித்து முடிவெடுத்தபோது, அதற்கான அனுபவம் எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. ஆகவே மட்டக்களப்பு நகரில் இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். திட்டத்தின் நோக்கத்தை வரையறுப்பதிலிருந்து முதற் சுற்று மானியங்களின் இறுதித் தவணை வழங்கப்படும் வரை அவர்கள் எங்களோடு பணியாற்றினார்கள். நிறைகளோடு குறைகளையும் எழுதுவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதேபோன்ற சேவையை நாட எண்ணும் ஏனைய அறக்கட்டளைகள் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தகைய சேவையை மதிப்பிட நான் ஓர் அளவுகோலையே பயன்படுத்துகிறேன். திட்டத்தை நடத்துவதற்கான உழைப்பில் எவ்வளவைக் கொடுப்பவர் ஏற்றுக்கொள்கிறார், எவ்வளவு கேட்பவரின் தலையில் சுமத்தப்படுகிறது என்பதே அது. மானியம் வழங்கும் துறையில் நிகர மானியம் என்றொரு கணக்கு உண்டு. வழங்கப்படும் தொகையிலிருந்து, அதைக் கேட்டுப் பெறுவதற்கும் பின்னர் கணக்குக் காட்டுவதற்கும் பெறுபவர் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் கழித்தால் எஞ்சுவதே உண்மையில் அவருக்குக் கிடைத்த உதவி. மண்டூரிலிருந்து ஒரு மாதர் சங்கத் தலைவி ஒரேயொரு கையொப்பத்துக்காகப் படகுப்பாதையில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு நகருக்கு வந்து திரும்பினால் அவருடைய ஒரு நாட்கூலி போய்விடும். செயலாளரும் பொருளாளரும் கூடவே வர வேண்டும் என்று விதி வைத்தால் மூன்று பேரின் நாட்கூலி போய்விடும். சிறிய மானியங்களில் இந்தச் செலவு பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது.

இந்த மாவட்டங்களின் மக்களுக்கு விண்ணப்பப் படிவம் புதிய பொருள் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாவலடியிலும் கல்லடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் ஒரே குடும்பம் தன் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இழப்பின் விவரத்தையும் வெவ்வேறு நிறுவனங்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தது. போர் முடிந்த பின்னரும் அதுவே நடந்தது. அந்தப் படிவங்களில் பலவற்றுக்குப் பதிலே வரவில்லை. ஆகையால் இங்கே புதிதாக ஒரு படிவத்தை அறிமுகப்படுத்துபவர் எவராயினும் அதற்குப் பின்னால் பதில் இருக்கிறது என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். அமர்த்திய நிறுவனத்தினர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதை அவர்களுடனான முதற் சந்திப்பிலேயே உணர்ந்தோம்.

அவர்கள் கேட்டு வாங்கிய முதல் ஆவணம் எமது அறக்கட்டளையின் உறுதி, அதாவது அதை நிறுவிய பத்திரம். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமையும் ஓர் அறக்கட்டளையில், உறுதியில் எழுதப்பட்ட நோக்கத்துக்கு வெளியே அறங்காவலர்கள் பணத்தைச் செலவிட முடியாது. வருமானம் ஈட்டும் முயற்சிகளுக்கு உதவலாமா என்பதில் எமது உறுதியின் வாசகம் தெளிவாக இல்லை என்பதை அவர்கள் சுட்டிக்காட்டி, சட்டத்தரணி ஒருவரின் கருத்தைப் பெற்ற பின்னரே அடுத்த கட்டத்துக்குச் சென்றார்கள். அதன் பிறகு அறங்காவலர்களைத் தனித்தனியே சந்தித்து, இந்தப் பணத்தால் ஐந்து ஆண்டுகளில் எதைக் காண விரும்புகிறீர்கள் என்று கேட்டு, பதில்களைப் பெயர் குறிப்பிடாமல் ஒரே தாளில் எழுதி எங்கள் முன்னால் வைத்தார்கள். ஒருவர் கல்வி என்றார், ஒருவர் நுண்கடனில் சிக்கிய பெண்கள் என்றார், ஒருவர் கோயிற் குளங்களைத் தூர்வாருவது என்றார். கூட்டங்களில் ஒருமித்த கருத்து என்று குறிப்பேட்டில் எழுதி வந்த எங்களுக்குள் இத்தனை வேறுபாடு இருந்ததை வெளியார் ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. இறுதியில், பெண்களின் சங்கங்கள் கூட்டாக நடத்தும் சிறு தொழில்களுக்கு மட்டும் என்று நோக்கம் சுருங்கியது. மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளையும் ஒரே சுற்றில் தொட வேண்டும் என்ற எங்கள் ஆசையையும் அவர்கள் ஏற்கவில்லை. போரதீவுப்பற்று, மண்முனை மேற்கு, கோறளைப்பற்று வடக்கு ஆகிய பிரிவுகளோடு அம்பாறையில் திருக்கோவிலையும் பொத்துவிலையும் மட்டும் முதற் சுற்றுக்கு எடுத்துக்கொண்டோம். நேரில் போய்ப் பார்க்க முடியாத இடத்துக்கு மானியம் அறிவிக்கக் கூடாது என்ற அவர்களது நிலைப்பாடு சரியானது.

தகுதி விதிகளை வகுத்த விதம் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே மானியம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். கொடுப்பவருக்கு அது வசதியான விதி. ஆனால் அதன்படி நடந்திருந்தால் நகரத்து நிறுவனங்கள் மட்டுமே தகுதி பெற்றிருக்கும். கிராமத்தில் உண்மையில் இயங்குபவை வேறு. பிரதேச செயலகத்தில் பதிந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமநல சேவை நிலையத்தில் பதிந்த கமக்காரர் அமைப்புகள், 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பதிவும் மேற்பார்க்கும் ஓர் அலுவலரும் உண்டு. இந்தப் பதிவுகளுள் ஏதேனும் ஒன்றும், இருவர் கையொப்பமிட்டுப் பணம் எடுக்கும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும் என்று ஆலோசகர்கள் விதியை மாற்றினார்கள். பதிவுக் கடிதத்தைச் சரிபார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. விண்ணப்பிக்கும் பெண் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் வரிசையில் நிற்கும் தேவை இல்லாமற் போனது. எங்களுடைய ஓர் ஊழியருக்கு இது ஒரு வார வேலை. விண்ணப்பித்த சங்கங்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் அது எத்தனையோ நாட்கூலியைக் காப்பாற்றிய வேலை.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் முதலில் கொண்டுவந்த படிவம் பெரிய சர்வதேச நிறுவனங்கள் பயன்படுத்தும் மாதிரியில், நோக்கம், வெளியீடு, விளைவு, குறிகாட்டி என்று கட்டம் கட்டமாக அமைந்திருந்தது. மூன்று ஆண்டுகளின் கணக்காய்வு அறிக்கைகளையும் அது கேட்டது. அதை அச்சிடுவதற்கு முன்னர் கிராமத்தில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொன்னவர்களும் அவர்களே. வெல்லாவெளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மாதர் சங்கக் கட்டடத்தில் அந்தப் பரிசோதனை நடந்தபோது நானும் உடனிருந்தேன். அரிசி மா அரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க விரும்பிய அந்தச் சங்கத்தின் பொருளாளர் முதல் இரண்டு பக்கங்களையும் நிரப்பிவிட்டு, மூன்றாவது பக்கத்தின் முதற் கட்டத்தில் பேனையை வைத்தபடி நிறுத்திவிட்டார். இதில் என்ன எழுதுவீர்கள் என்று இளம் ஆலோசகர் கேட்டார். “தம்பி, இது எனக்கு விளங்குற கேள்வி இல்ல. மெசின் வந்தா எங்க வைக்கிறது, கரண்ட் பில் ஆர் கட்டுறது, பழுதானா ஆரைக் கூப்பிடுறது எண்டு கேளுங்க, மறுகா நான் சொல்லுறன்” என்றார் அவர். சொல்லவும் செய்தார். எந்தக் கடையில் எந்த விலைக்கு எந்த இயந்திரம் இருக்கிறது, எத்தனை கிலோ அரைத்தால் மின் கட்டணம் தேறும், சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் முன்னால் எத்தனை வீடுகளிலிருந்து அரிசி வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

ஆலோசகர் கட்டங்களை ஓரமாக வைத்துவிட்டு அவர் சொன்னவற்றையே கேள்விகளாக எழுதிக்கொண்டார். இறுதிப் படிவத்தில் அவை அப்படியே இடம்பெற்றன. இந்தப் பணம் கிடைத்தால் முதல் மாதத்தில் என்ன வாங்குவீர்கள், யாரிடம் வாங்குவீர்கள், அது எங்கே இருக்கும், பழுதானால் யார் திருத்துவார், வரும் பணத்தை எப்படிப் பங்கிடுவீர்கள், இந்தச் சங்கத்தில் சேராத ஒரு பெண் இதைப் பயன்படுத்த விரும்பினால் என்ன செய்வீர்கள் என்று அவை போகும். கணக்காய்வு அறிக்கைக்குப் பதிலாக எதைக் கேட்பது என்ற சிக்கலுக்கும் விடை அங்கேயே கிடைத்தது. பொருளாளர் அலுமாரியிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்தார். மாதச் சந்தா, உட்கடன், வட்டி, திருப்பிச் செலுத்திய திகதி எல்லாம் நீல மையில் கோடு போட்டு எழுதப்பட்டு, ஒவ்வொரு மாத முடிவிலும் தலைவியின் கையொப்பத்தோடு இருந்தன. பிந்திச் செலுத்தியவர்களின் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி. இத்தகைய கொப்பியின் கடைசி ஆறு மாதப் பக்கங்களைக் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று விதியாயிற்று. கணக்காய்வாளருக்குக் கட்டணம் செலுத்த முடியாத சங்கத்திடம் கணக்காய்வு அறிக்கையைக் கேட்பதைவிட, அது தன் தேவைக்காகவே எழுதி வைத்திருக்கும் கணக்கைக் கேட்பது நேர்மையானது, நம்பகமானதும் கூட. இந்த ஒரு பிற்பகலுக்காகவே நாங்கள் செலுத்திய கட்டணத்தில் பெரும் பகுதி தகும் என்று நினைக்கிறேன்.

தேர்வுக் குழுவை அமைத்த விதத்திலும் அவர்கள் ஊரை அறிந்து நடந்தார்கள். அறங்காவலர் இருவர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அம்பாறைக் கரையோரத்தைச் சேர்ந்த முஸ்லிம் சமூக சேவையாளர் ஒருவர் என்று குழு அமைந்தது. நலன் முரண்பாட்டுப் படிவத்தின் முதல் வரைவு வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்பதோடு நின்றிருந்தது. மட்டக்களப்பில் அது எதையும் தடுக்காது. இங்கே கோயிற் பொறுப்புகள் குடிவழியாக, அதாவது தாய்வழிக் குலப் பிரிவுகளின்படி பகிரப்படுகின்றன. குடிகளின் சார்பில் வண்ணக்கர்மார் பொறுப்பேற்கிறார்கள். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்தில், குடிகளின் பிரதிநிதிகள் பொறுப்பேற்கும் மரைக்காயர் முறை இருந்து வந்திருக்கிறது. மச்சான் முறையானவரும், ஒரே கோயில் பரிபாலன சபையில் அமர்பவரும், ஒரே பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவரும் ஒருவருக்கொருவர் இல்லை என்று சொல்லச் சிரமப்படுவார்கள். இதை ஓய்வுபெற்ற ஆசிரியை எடுத்துச் சொன்னதும், ஆலோசகர்கள் தயங்காமல் படிவத்தை மாற்றினார்கள். உறவு, குடி, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், கொடுக்கல் வாங்கல் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும்; தொடர்புள்ளவர் அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும்; போனதும் திரும்பியதும் கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும். முதற் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. எவரும் மனம் நோகவில்லை, ஏனென்றால் விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

புள்ளியிடும் முறையைப் பற்றி எனக்கு முழு உடன்பாடு இல்லை. நூற்றுக்கு இத்தனை என்று குழுவினர் தனித்தனியே புள்ளியிட்டுச் சராசரி எடுத்தபோது, நன்றாக எழுதப்பட்ட விண்ணப்பங்கள் மேலே வந்தன. அவை எல்லாமே நன்றாக நடக்கும் சங்கங்களுடையவை என்று சொல்ல முடியாது. போட்டோக்கொப்பிக் கடைகளில் காசு கொடுத்து எழுதுவித்த விண்ணப்பங்களும் இருந்தன. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த தாள்களில் ஒரே வாக்கியங்கள் இருந்ததை ஆலோசகர்களே கண்டுபிடித்தார்கள். அவற்றைத் தள்ளிவிடலாம் என்று குழுவில் சிலர் சொன்னபோது, எழுத ஆளில்லாமல் கடைக்குப் போனது குற்றமல்ல, நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள் என்று அவர்கள் வாதாடியது பாராட்டத்தக்கது. அதன் பின்னர் எழுத்துக்குக் குறைந்த பங்கும் கள விஜயத்துக்குக் கூடிய பங்குமாகப் புள்ளிகள் பிரிக்கப்பட்டன. அப்படிப் போனபோது, கடையில் எழுதுவித்த சங்கங்களுள் ஒன்று வாகரைப் பக்கத்தில் மிக ஒழுங்காகக் கருவாடு பதப்படுத்தி விற்று வருவதைக் கண்டோம். அந்தச் சங்கம் மானியம் பெற்றது.

இல்லை என்று சொல்லும் கடிதத்தையும் அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமாக இத்தகைய கடிதங்கள் வருந்துகிறோம், மீண்டும் முயலுங்கள் என்ற இரண்டு வரியோடு முடியும். பல நிறுவனங்கள் அதைக்கூட அனுப்புவதில்லை. இவர்களுடைய வரைவு, குழு எதை விரும்பியது, எதில் ஐயப்பட்டது, அடுத்த சுற்றுக்கு எதை மாற்றினால் வாய்ப்புக் கூடும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லி, கையொப்பமிட்டவரின் தொலைபேசி இலக்கத்தையும் தந்தது. அழைத்தவர்களுள் எவரும் சண்டை பிடிக்கவில்லை. தையல் இயந்திரங்களுக்கு விண்ணப்பித்த ஒரு சங்கத்தின் செயலாளர் மட்டும், இதுவரை எத்தனையோ இடங்களுக்கு எழுதியிருக்கிறோம், காரணம் சொன்ன முதல் ஆட்கள் நீங்கள்தான் என்றார்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் கால அட்டவணை. ஜனவரி முதல் டிசம்பர் வரையான நிதி ஆண்டைப் பின்பற்றி, ஒக்டோபரில் அறிவித்தல், நவம்பர் இறுதியில் விண்ணப்ப முடிவு, டிசம்பரில் கள விஜயம், பெப்ரவரியில் பணம் என்று அவர்கள் வகுத்தார்கள். ஆவணத்தில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்கில் வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் நிற்கும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பெரும்போக வயல் வேலைகள் நடக்கும் காலம் அது. வீதிகள் நீரில் மூழ்கும் காலமும் அதுவே. 1978இன் பெருஞ்சூறாவளி நவம்பரில் வந்ததையும், ஆழிப்பேரலை டிசம்பரில் வந்ததையும் இங்கே எவரும் மறக்கவில்லை. வாகரைக்கான கள விஜயம் மழையால் தள்ளிப்போனது. படிவங்களில் சில நனைந்து வந்தன. மழையை நம்பிய வீட்டுத்தோட்டத் திட்டங்களுக்குப் பணம் வந்து சேர்ந்தபோது மழை ஓய்ந்திருந்தது. மட்டக்களப்பிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இதைக் கவனிக்காமல் விட்டதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. இப்போது அறிவித்தலை வைகாசிச் சடங்குகள் முடிந்த பின் ஆனியில் வெளியிட்டு, ஆவணி முடிவதற்குள் பணத்தைக் கொடுத்துவிடுகிற அட்டவணையை நாங்களே வகுத்திருக்கிறோம். முஸ்லிம் ஊர்களுக்காக நோன்பு மாதமும் பெருநாட்களும் எங்கே விழுகின்றன என்று ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை அறிக்கைப் படிவம். விண்ணப்பத்தை எளிமையாக்கியவர்களே, மானியம் பெற்ற பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எட்டுப் பக்க அறிக்கை கேட்டார்கள். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எமது பணத்தின் ஒரு பகுதி பிரித்தானியாவில் உறவினர்கள் நடத்தும் தர்ம அமைப்பிலிருந்து வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டும் தர்ம அமைப்பு பொதுவாக அங்குள்ள தர்ம அமைப்புகள் ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். அங்கு வரி செலுத்துபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் மேலதிகமாகக் கோர முடியும். அதற்கு ஈடாக, வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் தர்ம நோக்கத்துக்கே செலவானது என்பதைக் காட்டும் பொறுப்பு அங்குள்ள அறங்காவலர்களுக்கு உண்டு. அந்தப் பொறுப்பை ஆலோசகர்கள் படியிறக்கிப் படியிறக்கிக் கடைசியில் மாவரைக்கும் பெண்ணின் கையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இலண்டனில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் எழுதுவது எமது அலுவலகத்தின் வேலை. எமது ஊழியர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சங்கத்துக்குப் போய், கொப்பியைப் பார்த்து, பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்து, உறுப்பினர்கள் சொல்வதைக் கேட்டு அறிக்கையைத் தாமே எழுதலாம். 2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் அறிக்கை நிபந்தனைகளைத் தளர்த்துவதாகவும் மானியத்தின் பயன்பாட்டில் கட்டுப்பாடுகளைக் குறைப்பதாகவும் வெளிப்படையாக உறுதியளித்தன. பல்லாயிரம் டொலர் கொடுப்பவர்களுக்குச் சாத்தியமானது, சில இலட்சம் ரூபா கொடுக்கும் எங்களுக்கு ஏன் சாத்தியமாகாது என்று நான் கேட்டபோது அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் முதற் காலாண்டு அறிக்கைகளை எழுதச் சங்கங்கள் மீண்டும் அதே போட்டோக்கொப்பிக் கடைகளுக்குப் போயிருந்தன.

மென்பொருள் விடயத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும். மானியங்களை முகாமை செய்யும் இணையச் சேவை ஒன்றை, டொலரில் ஆண்டுச் சந்தா செலுத்திப் பெறுமாறு பரிந்துரைத்தார்கள். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதைப் பார்த்த எவரும் உள்ளூர் அறக்கட்டளையின் நிரந்தரச் செலவை டொலரில் கட்டி வைக்கத் துணியமாட்டார்கள். நாங்கள் மறுத்துவிட்டு, சாதாரண விரிதாளையும், இணைப்பு இல்லாத இடத்திலும் தொலைபேசியில் தரவு பதியக்கூடிய கோபோ டூல்பொக்ஸையும் பயன்படுத்துகிறோம். எமது அளவுக்கு அது தாராளம்.

கட்டணத்தை அவர்கள் மொத்தமாக நிர்ணயித்து, வேலை முடிந்த கட்டங்களுக்கேற்ப நான்கு தவணைகளில் பெற்றுக்கொண்டார்கள். வழங்கப்படும் மானியத்தில் இத்தனை வீதம் என்று கேட்கும் ஆலோசகர்களும் உண்டு. அவர்களைத் தவிர்ப்பது நல்லது. சிறிய சங்கத்துக்குச் சிறிய தொகை கொடுப்பதைவிடப் பெரிய நிறுவனத்துக்குப் பெரிய தொகை கொடுப்பதே அவர்களுக்கு இலாபம் என்றாகிவிடும். பழகும் விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கிராமத்துப் பெண்களை அக்கா என்றும் அம்மா என்றும் அழைத்து, பாயில் அமர்ந்து பேசினார்கள். வேலை முடிந்த பின்னர் ஆறு மாத காலம் உதவுவதாகச் சொன்ன வாக்கு மட்டும் சரியாகக் காப்பாற்றப்படவில்லை. எங்கள் கோப்பை அறிந்த இளைஞர் வேறு வேலைக்குப் போய்விட, புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தீர்மானமும் ஏன் எடுக்கப்பட்டது என்பதை எழுதிய கையேடு ஒன்றை இறுதித் தவணைக்கு முன்னரே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதன்முறையாக மானியத் திட்டம் தொடங்கும், அறங்காவலர்கள் கிராமங்களுக்குப் போகத் தயாராக இருக்கும் அறக்கட்டளைகளுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எல்லாவற்றையும் ஆலோசகர் கையில் ஒப்படைத்துவிட்டுக் காசோலையில் மட்டும் கையொப்பமிட விரும்புபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கையில் அந்த முதல் வரைவுப் படிவமும் டிசம்பர் கள விஜயமும் எட்டுப் பக்க அறிக்கையுமே மிஞ்சும். ஒப்பந்தம் எழுதும்போது மூன்று நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவமும் விண்ணப்பிக்கக்கூடிய சங்கம் ஒன்றில் நிரப்பிப் பார்க்கப்படாமல் அச்சுக்குப் போகக் கூடாது. கால அட்டவணையை விவசாயியும் மீனவரும் பார்த்துச் சம்மதித்த பின்னரே அறங்காவலர் சபை அங்கீகரிக்க வேண்டும். கேட்கப்படும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் எதிரே, அதை ஏன் அறக்கட்டளையே தேடிப் பெற முடியாது என்ற காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் இரண்டாம் சுற்றுக்கு அதே நிறுவனத்திடம் தேர்வுக் குழுவுக்கான பயிற்சியையும் கள விஜயத்தையும் மட்டும் கேட்டிருக்கிறோம். கால அட்டவணையும் அறிக்கையும் இனி எமது அலுவலகத்தின் பொறுப்பு.